குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால்: மூலிகை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

குழந்தை குறித்த நாளுக்கு முன்பாகவே பிறந்துவிட்டால் குடும்பத்தாரின் கவலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, இன்குபேட்டருக்குள் கிடக்கும் குழந்தையைப் பற்றியது. மற்றொன்று, வெறுங்கையோடு வீடு திரும்பிய தாயைப் பற்றியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மருத்துவரும் தாதியரும் இருக்கின்றனர். தாயைப் பார்த்துக்கொள்ள உறவினர்கள் இருக்கின்றனர். ஒருவர் சுறாப் புட்டு கிண்டிக் கொண்டுவருவார். இன்னொருவர் பூண்டுக் குழம்பு வைப்பார். வேறொருவர், தோழியின் மகளுக்குப் பால் பெருகியது என்று சொல்லி வெந்தய மாத்திரைப் புட்டி ஒன்றை வாங்கி வருவார்.

இவையெல்லாம் அன்பினால் செய்யப்படுபவை. அதில் ஐயமில்லை. ஆனால் குறைமாதக் குழந்தையின் தாய்க்குப் பால் சுரப்பதில் உணவும் மூலிகையும் எவ்வளவு தூரம் உதவும்? அவற்றால் தீங்கு ஏதும் உண்டா? அவற்றைவிட முதன்மையாகச் செய்ய வேண்டியது என்ன? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தெரியாததால் பல குடும்பங்கள் மிக அரிய நாட்களை இழந்துவிடுகின்றன.

மருந்துக்கு நிகரான பால்

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். இவர்களுள் 32 வாரத்திற்கு முன்பே பிறந்தவர்களுக்குத் தாய்ப்பால் வெறும் உணவன்று. அது மருந்தும் ஆகும்.

காரணம் குழந்தையின் குடல். அது இன்னும் முதிரவில்லை. குடலின் உட்சுவர் மெல்லியது. கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் குறைவு. இந்நிலையில் குடல் சுவர் வீங்கி, அழுகி, சில வேளைகளில் ஓட்டை விழும் கொடிய நோய் ஒன்று குறைமாதக் குழந்தைகளைத் தாக்குகிறது. மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக ‘நெக்’ என்பர். அறுவைச் சிகிச்சை வரை போகக்கூடிய, உயிரையும் பறிக்கக்கூடிய நோய் அது.

1990ஆம் ஆண்டில் பிரிட்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 926 குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளைவிட, மாவுப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளிடையே இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அதன்பின் வந்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் குடலின் உட்சுவரில் படிந்து அதைக் காக்கின்றன. முதலில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பாலில் அவை மிகச் செறிவாக உள்ளன.

குறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாயின் பால், நிறைமாதத் தாயின் பாலிலிருந்து வேறுபட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. முதல் சில வாரங்களில் அதில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் சற்றுக் கூடுதலாக இருக்கும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதுவும் போதாமல் போகலாம். அப்போது மருத்துவர்கள் அதே பாலில் கூடுதல் புரதமும் கால்சியமும் கொண்ட ஊட்டப்பொடியைக் கலந்து கொடுப்பர். தாயின் பால் தரம் குறைந்தது என்று அதற்குப் பொருளில்லை. கருப்பைக்குள் இருந்திருக்க வேண்டிய குழந்தையின் தேவை மிகப் பெரியது என்பதே பொருள்.

பால் எப்படி ஊறுகிறது?

மூலிகையைப் பற்றிப் பேசுமுன், பால் ஊறும் முறையை அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் எந்த மருந்தும் அந்த முறைக்கு உட்பட்டுத்தான் வேலை செய்ய முடியும்.

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பகம் சிறிதளவு சீம்பாலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் நச்சுக்கொடி உள்ளே இருக்கும்வரை அதிலிருந்து வரும் ஹார்மோன் பால் பெருகவிடாமல் தடுத்து வைக்கிறது. நச்சுக்கொடி வெளியேறியதும் அத்தடை நீங்குகிறது. இரண்டு மூன்று நாட்களில் பால் திரண்டு வருகிறது. இது 40 வாரத்தில் பிரசவித்தாலும் 28 வாரத்தில் பிரசவித்தாலும் நடக்கும். ஆகவே “மாதம் நிறையவில்லை, பால் எப்படி வரும்?” என்ற கேள்விக்கு இடமில்லை.

அடுத்த கட்டந்தான் முக்கியமானது. முதல் சில நாட்களில் ஹார்மோன் பாலைத் திரளச் செய்கிறது. அதன்பின் மார்பகம் எவ்வளவு காலியாகிறது என்பதே சுரக்கும் அளவை முடிவு செய்கிறது. பால் எடுக்கப்பட்டால் மேலும் ஊறும். தேங்கி நின்றால், ‘இனித் தேவையில்லை’ என்ற செய்தி சுரப்பிகளுக்குப் போய்விடும். ஊற்று குறைந்துவிடும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் மக்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது.

நிறைமாதக் குழந்தை இந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. பசித்தால் அழுகிறது, சப்பிக் குடிக்கிறது, இரவிலும் தாயை எழுப்புகிறது. குறைமாதக் குழந்தையால் இது முடியாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் பொதுவாக 32 முதல் 34 வார வயதுக்குப் பின்னரே கைகூடுகிறது. அதுவரை மெல்லிய குழாய் வழியாகத்தான் பால் இறங்குகிறது. எனவே குழந்தை செய்ய வேண்டிய வேலையைத் தாயின் கைகளும் பால் பம்ப்பும் செய்தாக வேண்டும். இதோடு அறுவைச் சிகிச்சையின் வலி, இரத்த அழுத்தம், உறக்கமின்மை, குழந்தை பிழைக்குமா என்ற அச்சம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. குறைமாதத் தாய்மார்களுக்குப் பால் குறைவதற்கு உடலில் உள்ள குறையைவிட இச்சூழலே பெரும்பாலும் காரணம்.

முதல் 14 நாட்கள்

பிரசவம் முடிந்து கூடுமானால் ஒரு மணி நேரத்திற்குள், தாயின் உடல்நிலை இடம் தராவிட்டால் 6 மணி நேரத்திற்குள்ளாவது பால் எடுக்கத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான ஆலோசனை. முதல் நாளில் சில சொட்டுகளே வரும். அதைப் பார்த்து மனம் தளரத் தேவையில்லை. அச்சொட்டுகளைச் சிறு ஊசிக்குழலில் சேகரித்துக் கொடுத்தால் தாதியர் அதைக் குழந்தையின் வாயின் உட்புறம் தடவிவிடுவர். அதுவே குழந்தைக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

அதன்பின் 24 மணி நேரத்தில் 8 முறைக்குக் குறையாமல், 2 அல்லது 3 மணி நேரத்திற்கு ஒரு தடவை பால் எடுக்க வேண்டும். இரவிலும் விடக்கூடாது. பாலைத் தயாரிக்கத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் உச்சத்தில் இருக்கிறது. “பாவம், தூங்கட்டும்” என்று தாயை விடிய விடிய உறங்க விட்டுவிட்டு, காலையில் பத்தியச் சாப்பாட்டை அள்ளி வைப்பதால் பயன் இல்லை.

பம்ப் மட்டும் போதாது, கையும் வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று நாட்களில் பம்ப்புடன் சேர்த்து நாளொன்றுக்கு ஐந்து முறைக்கு மேல் கையாலும் பால் பீய்ச்சிய குறைமாதத் தாய்மார்கள் பின்னர் அதிகப் பால் பெற்றனர். பம்ப் செய்யும்போதே மார்பகத்தை மெல்லப் பிடித்துவிட்டு அழுத்துவதும் பாலைக் கூட்டியது. கெட்டியான சீம்பாலை எந்திரத்தைவிடக் கை நன்றாக எடுக்கும் என்பது தாதியர்களின் அனுபவம்.

இவ்வாறு செய்தால் 14ஆம் நாளுக்குள் நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டருக்குக் குறையாத பாலை எட்ட வேண்டும் என்பது இலக்கு. 750 மில்லிலிட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு முழு அளவில் பால் கொடுக்கும்போதுகூட ஏறக்குறைய 150 முதல் 180 மில்லிலிட்டர்தானே தேவை, இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். குழந்தை வளரும், தேவையும் வளரும். ஆனால் மார்பகத்தின் கொள்ளளவு பெரும்பாலும் இந்த ஆரம்ப வாரங்களில்தான் நிலைபெறுகிறது. மூன்றாம் மாதத்தில் தேடப்போகும் பாலுக்கு முதல் இரு வாரங்களில் அடித்தளம் போடப்படுகிறது.

மூலிகைகளைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

இனி மூலிகைகளுக்கு வருவோம். நம் குடும்பங்களில் அதிகம் பேசப்படுபவை வெந்தயம், முருங்கை, தண்ணீர்விட்டான் கிழங்கு, பூண்டு ஆகியவை.

வெந்தயம்: மலாய்க்காரர்கள் ‘ஹல்பா’ என்று அழைக்கும் இதுவே இன்று உலகெங்கும் மாத்திரையாக அதிகம் விற்கப்படும் பால்பெருக்கி. நிறைமாதத் தாய்மார்களிடம் செய்யப்பட்ட சில ஆய்வுகளில் பயன் தெரிந்தது. 2011இல் துருக்கியில் வெந்தயம் கலந்த மூலிகைத் தேநீர் அருந்திய தாய்மார்களுக்கு முதல் நாட்களில் பால் கூடியதாகவும், குழந்தைகள் பிறப்பு எடையை விரைவில் மீட்டதாகவும் பதிவானது. ஆனால் 2013இல் குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த சிறிய ஆய்வொன்றில், வெந்தய மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் பால் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

முருங்கை: குறைமாதத் தாய்மார்களைப் பொறுத்தவரை நம்பிக்கையூட்டும் செய்தி இதில்தான் உண்டு. பிலிப்பீன்ஸ் மக்கள் முருங்கையை ‘மலுங்காய்’ என்பர். பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக் கீரைச் சாறு கொடுப்பது அங்கும் வழக்கம். 2000ஆம் ஆண்டில் அங்கு வெளியான ஆய்வில், குழந்தை நேரடியாகப் பால் குடிக்க முடியாத நிலையில் இருந்த குறைமாதத் தாய்மார்களுக்கு முருங்கை இலை மாத்திரை கொடுக்கப்பட்டது. நான்காம், ஐந்தாம் நாட்களில் அவர்களுக்குப் பால் கூடுதலாகக் கிடைத்தது. ஆயினும் அது சிறிய ஆய்வு. சில நாட்களையே அளந்த ஆய்வு.

தண்ணீர்விட்டான் கிழங்கு: சதாவரி என்று மருந்துக் கடைகளில் விற்கப்படுவது இதுவே. இந்தியாவில் நடந்த இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமாகப் பேசுகின்றன. 1996இல் வெளியான ஆய்வில் இது சேர்ந்த கலவை மருந்தால் பயன் தெரியவில்லை. 2011இல் வெளியான ஆய்வில் புரோலாக்டின் அளவு உயர்ந்தது.

பூண்டு: 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று சுவையானது. தாய் பூண்டு உட்கொண்டபோது பாலின் மணம் மாறியது. குழந்தைகள் மார்பில் கூடுதல் நேரம் இருந்து சப்பின. பூண்டுக் குழம்பைப் பற்றி நம் பாட்டிமார்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பயன் குழந்தை தானே சப்பும்போது கிடைப்பது. குழாய் வழியே பால் பெறும் குழந்தை மணத்தை விரும்பி மார்பைத் தேடப்போவதில்லை.

பாட்டி வைத்தியத்தை மருத்துவ உலகம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது முழு உண்மையன்று. பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டும் வழக்கத்தை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்து, பால் வற்றச் செய்யும் மாத்திரையோடு ஒப்பிட்டு, பூவுக்கும் பலன் உண்டு என்று 1988இல் எழுதினர். வழக்கத்தைக் கும்பிடவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். சோதித்துப் பார்க்க வேண்டும்.

விடை ஏன் உறுதியாக இல்லை?

2020இல் பினாங்கைச் சேர்ந்த மருத்துவர்கள் முன்னின்று, பால்பெருக்கிகளைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிட்டனர். ‘காக்ரேன்’ அமைப்பு வெளியிட்ட அம்மதிப்பீட்டில் 41 ஆய்வுகளும் 3,005 தாய்மார்களும் இடம்பெற்றனர். மூலிகைகள் பாலைக் கூட்டக்கூடும். ஆனால் ஆதாரம் மிகவும் பலவீனமானது என்பதே அவர்கள் கண்ட முடிவு. அதுவும் நிறைமாதத்தில் பிறந்து வீட்டில் இருக்கும் குழந்தைகளின் தாய்மார்களைப் பற்றிய முடிவு. குறைமாதத் தாய்மார்களைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவு.

இதற்குக் காரணம் இருக்கிறது. பிரசவமான முதல் வாரங்களில் யாருக்குமே பால் நாளுக்கு நாள் கூடும். ஐந்தாம் நாள் மாத்திரை தொடங்கியவருக்குப் பத்தாம் நாள் பால் கூடியிருந்தால், அது மாத்திரையாலா, நாளாலா என்று எப்படிச் சொல்வது? மாத்திரை வாங்கியவர் அதே வேகத்தில் பம்ப் செய்வதையும் கூட்டியிருப்பார். புகழ் மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. தோழியின் அனுபவத்தையும் விளம்பரத்தில் வரும் சாட்சியத்தையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

உணவு வேறு, மாத்திரை வேறு

வெந்தயம் போட்ட குழம்பும் முருங்கைக் கீரைக் கூட்டும் உணவு. அவற்றை அளவோடு உண்பதில் பெரும்பாலான தாய்மார்களுக்குத் தீங்கில்லை. இரும்புச் சத்தும் புரதமும் உள்ள சாப்பாடு பிரசவத்தில் இரத்தம் இழந்த உடலைத் தேற்றுகிறது. நேரத்திற்கு ஒருவர் சமைத்துக் கொடுப்பதே தாய்க்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் பத்தியத்தில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது தண்ணீர். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. மருத்துவர் தனிக் காரணத்திற்காகக் கட்டுப்படுத்தினாலன்றித் தாய் தாகத்திற்கு ஏற்பக் குடிக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குடிப்பதாலும் பால் கூடாது.

இரண்டாவது சுறா. சிறு மீன்களைத் தின்று வாழும் சுறாவின் உடலில் பாதரசம் மிகுதியாகச் சேர்கிறது. அதனால் பாலூட்டும் தாய்மார்கள் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. பாதரசம் வளரும் மூளையைப் பாதிக்கக்கூடியது; குறைமாதக் குழந்தையின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. நெத்திலி, மத்தி, கெம்போங் போன்ற சிறு மீன்களிலும் அதே புரதம் கிடைக்கிறது.

மாத்திரை வடிவத்திற்கு வந்துவிட்டால் நிலைமை வேறு. குழம்பில் விழும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும், நாள்தோறும் பல முறை விழுங்கும் செறிவான மாத்திரையும் ஒன்றல்ல. அதை மருந்தாகவே கருத வேண்டும்.

வெந்தய மாத்திரை இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கக்கூடும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். நம் சமூகத்தில் நீரிழிவு மிகுந்திருப்பது யாவரும் அறிந்ததே. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கும் இது ஏற்றதன்று. கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு கூடலாம். சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். பால் முன்கூட்டியே ஊறட்டும் என்று கர்ப்பக் காலத்திலேயே இம்மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

மற்றொன்றும் உண்டு. வெந்தயம் அதிகம் உண்ட தாயின் வியர்வையிலும் குழந்தையின் சிறுநீரிலும் வெல்லப்பாகு போன்ற வாடை வரலாம். அதே வாடை பிறவியிலேயே வரும் ஓர் அரிய நோயின் அடையாளமாகவும் இருக்கிறது. தாய் மாத்திரை உண்பது தெரியாவிட்டால், குழந்தை தேவையில்லாத சோதனைகளுக்கு ஆளாக நேரிடும். ஆகவே எந்த மாத்திரையானாலும், லேகியமானாலும், தேநீரானாலும் குழந்தை இருக்கும் பிரிவின் தாதியரிடம் அதன் புட்டியையே காட்டிவிடுவது நல்லது. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் முழு வேலைக்குத் தயாராகவில்லை. பெரிய குழந்தை எளிதில் வெளியேற்றிவிடும் பொருளும் இதற்குச் சுமையாகலாம்.

எதை வாங்கக் கூடாது?

2004இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வுக்காக, பாஸ்டன் நகர வட்டாரக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தது. ஆயுர்வேதம் முழுவதும் தீது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. யார் செய்தது, எங்கே சோதிக்கப்பட்டது என்று தெரியாத பொடியையும் லேகியத்தையும் பால் கொடுக்கும் தாய் உண்ணக்கூடாது என்பதே பாடம். ஈயமும் பாதரசமும் பாலில் கலக்கக்கூடியவை.

மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளும் கூடுதல் ஊட்டப்பொருள்களும் சுகாதார அமைச்சின் கீழுள்ள ஒழுங்குமுறைப் பிரிவில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு பெற்றவற்றின் மேல் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கும். பாரம்பரிய மருந்தாயின் அந்த எண் ‘டி’ என்ற எழுத்தில் முடியும். சிங்கப்பூரில் கூடுதல் ஊட்டப்பொருள்களுக்கு முன்கூட்டிய அனுமதி தேவையில்லை. விற்பவரே பாதுகாப்புக்குப் பொறுப்பு. கலப்படம் கண்டறியப்பட்டால் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரிக்கை விடுக்கிறது. ஆகையால் அங்கு வாங்குபவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். பதிவு எண்ணும்கூட, பொருள் பாதுகாப்புச் சோதனையைக் கடந்தது என்பதற்கே சான்று. பால் பெருகும் என்பதற்குச் சான்றன்று.

உண்மையிலேயே பால் குறைந்தால்

ஒழுங்காகப் பால் எடுத்தும் கூடவில்லை என்றால், கடைக்கு ஓடுமுன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். நச்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கியிருக்கலாம். அது உள்ளேயிருக்கும்வரை உடல் பால் சுரப்பைத் தடுத்துக்கொண்டேயிருக்கும். பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டிருக்கலாம். தைராய்டு சுரப்பி மந்தமாக இருக்கலாம். சினைப்பை நீர்க்கட்டி, நீரிழிவு ஆகியவையும் பாலைத் தாமதப்படுத்தும். சளிக்கு வாங்கும் சில மாத்திரைகளும், சில கருத்தடை மருந்துகளும் பாலைக் குறைக்கும். பம்ப்பின் வாய்ப்பகுதி மார்புக்குப் பொருந்தாமல் இருப்பதும் அடிக்கடி காணும் காரணமே. இவற்றுள் எதையும் வெந்தயம் தீர்க்காது. மூன்று வாரம் மாத்திரையை நம்பியிருந்தால், தீர்க்கக்கூடிய காரணமும் தீராமல் போகும்.

எல்லாம் செய்தும் போதவில்லையெனில், டோம்பெரிடோன் என்ற மருந்தைச் சில மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. குறைமாதத் தாய்மார்களிடம் நடந்த சிறு ஆய்வுகளில் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் அளவுக்குப் பாலைக் கூட்டியது. ஆனால் அது இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியது. அதனால் பாலைப் பெருக்க அதைப் பயன்படுத்த வேண்டாமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் எச்சரித்தது. ஆகவே மருத்துவரின் கண்காணிப்பில் அன்றி, வேறொருவருக்கு எழுதித் தந்ததை வாங்கி உண்ணக்கூடாது.

பைசாச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தாய் தம் வெற்று மார்பில் குழந்தையைக் கிடத்தி அணைத்துக்கொள்ளும் கங்காரு முறைதான் அது. இன்குபேட்டர் பற்றாக்குறை காரணமாக 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது இது. பால் சுரப்பு உட்பட இதனால் விளையும் நன்மைகள் பல. குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. குழந்தையை அணைத்து முடித்த கையோடு பால் எடுத்தால் நன்றாக வரும் என்பது பல தாய்மார்கள் கண்ட உண்மை.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

மனைவி இரவு 2 மணிக்குப் பால் எடுக்கும்போது கணவர் எழுந்து பம்ப்பின் பாகங்களைக் கழுவிக் கொடுக்கலாம். எடுத்த பாலில் பெயர், தேதி, நேரம் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். மாமியாரும் தாயாரும் மூத்த குழந்தைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டால், அத்தாய் மருத்துவமனையில் குழந்தையின் அருகே அமர முடியும். மூலிகை மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் தரமான இரட்டைப் பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுக்க முடியுமா என்று விசாரிப்பது அதிகப் பலன் தரும்.

பேச்சிலும் கவனம் வேண்டும். “ஒழுங்காச் சாப்பிட்டாதானே பால் வரும்” என்ற ஒரு சொல், புட்டியில் கிடக்கும் பத்து மில்லிலிட்டரைப் பார்த்து ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் பெண்ணுக்கு ஆறாப் புண்ணாகிவிடும். அந்தப் பத்து மில்லிலிட்டர், 800 கிராம் குழந்தைக்குப் பல வேளை உணவு என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

சிலருக்கு எல்லாம் செய்தும் முழு அளவு பால் வராமல் போகலாம். சிலர் உட்கொள்ளும் மருந்துகளால் பால் கொடுக்க இயலாமலும் போகலாம். அது தாயின் தோல்வியன்று. கிடைக்கும் அளவு பாலும் பயன் தரும். சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 2017இல் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. அங்கு பிற தாய்மார்கள் தானமாகத் தரும் பால் சோதிக்கப்பட்டு, சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டுக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. மற்ற இடங்களில் என்ன வசதி உண்டு என்பதைக் குழந்தை இருக்கும் பிரிவிலேயே கேட்டறியலாம்.

மூலிகைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அது முதல் இடமன்று. முதல் மணி நேரத்தில் கை, ஒவ்வொரு மூன்று மணி நேரத்திலும் பம்ப், முடிந்தபோதெல்லாம் மார்போடு அணைப்பு, குறையிருந்தால் மருத்துவரின் சோதனை. இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, வீட்டில் வைத்த முருங்கைக் கீரைச் சாறும் ஒரு பக்கம் இருக்கட்டும். மாத்திரையைத் தொட நினைத்தால் அதைத் தாதியரிடம் காட்டிக் கேட்டபின் தொடட்டும். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும் உறவினர்கள் அடுத்த முறை, “என்ன சாப்பிடுறே?” என்று கேட்குமுன், “இன்னிக்கு எத்தனை தடவை பால் எடுத்தே, நான் என்ன செஞ்சு தரட்டும்?” என்று கேட்கலாம்.